பத்திரமாக இருக்கும் பேஸ்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து ஒரு தம்பி வாட்ஸப்பில் 23 படங்கள் அனுப்பியிருந்தான். 1978-ம் வருடத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கித்தார். டோக்கியோவில் ஒரு கடையில் விற்பனைக்கு இருக்கிறது. நான் இந்த ஊரில் வேலை பார்ப்பதால், “அண்ணா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, லோன் போட்டாவது எடுத்துர்றேன்” என்று கீழே ஒரு வரி.

படங்களைப் பார்த்தேன். தலைப்பகுதி முன்னும் பின்னும். எஸ்8 என்று தொடங்கும் வரிசை எண். பிக்கார்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாட்களின் முதுகில் குத்தியிருக்கும் எண்கள். ஈயப்பற்றை யாரும் தொடவில்லை என்று காட்ட நெருக்கத்தில் மூன்று படம். பிக்கப்பின் அடிப்பக்கம். பெட்டியின் கொக்கிக்குக்கூட ஒரு படம் இருந்தது. விலைச்சீட்டில் கொட்டை எழுத்தில் ‘ஆல் ஒரிஜினல்’. நம்மூர்க் காசுக்கு இரண்டரை லட்சம். அனுப்பும் செலவும் சுங்கமும் தனி.

இல்லாதவை இரண்டு. நெக்கைத் தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எப்படித் தெரியும் என்று காட்டும் படம் இல்லை. அந்த பேஸை யாராவது வாசிக்கிற பத்து நொடி வீடியோ இல்லை.

“வேண்டாம்டா” என்று பதில் போட்டேன்.

உடனே போன் வந்தது. “என்னண்ணா இப்படிச் சொல்றீங்க? ஒரு ஸ்க்ரூகூட மாத்தலையாம்!”

“அதனாலதான் யோசிக்கச் சொல்றேன். அம்பது வருஷத்துக்குக் கிட்ட ஒருத்தரும் ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பலன்னா, ஒருத்தரும் வாசிக்கலன்னுதானே அர்த்தம்?”

அவனுக்குக் கோபம். வாரநாட்களில் ஐடி வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பு, முகூர்த்த நாட்களில் ரிசப்ஷன் மேடை. மூன்று வருடத் தவணையில் அவன் வாங்க நினைப்பது ஒரு கனவை. அதை நான் போனில் ஒரு வார்த்தையில் தட்டிவிட்டேன். அது தப்புதான். அதனால் விளக்கமாக எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதாலும் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பழைய பேஸ் கித்தார் வாங்குகிறவர்கள் நடுவில் ‘ஒரிஜினல்’ என்ற சொல் ஒரு மதமாகிவிட்டது. அதற்கு வேதம் உண்டு, பூசாரி உண்டு, உண்டியல் உண்டு. சாமி மட்டும் சத்தமே போடாது.

1

முதலில் என் கதை. மற்றவனுக்குப் புத்தி சொல்கிறவன் தன் முட்டாள்தனத்தை முதலில் சொல்வதுதான் முறை.

டோக்கியோவில் ஒச்சனோமிசு என்று ஒரு பகுதி. ரயில் நிலையத்தைவிட்டு இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் கித்தார் கடைகள். இந்த ஊருக்கு வந்த புதிதில் சம்பள நாளன்று அங்கே போய் நிற்பேன். வாங்க அல்ல, வேடிக்கை பார்க்க. அப்படி வேடிக்கை பார்த்துப் பார்த்துப் படித்தேன். எந்த வருடத்தில் எந்த லோகோ, எந்த வருடத்தில் எந்தப் பெயின்ட் என்பதெல்லாம் பரீட்சைக்குப் படித்ததுபோல மனப்பாடம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் 1973-ம் வருடத்து பிரிசிஷன் பேஸ் கண்ணில் பட்டது. நெக் தகட்டில் வரிசை எண் பொருந்தியது. கட்டைவிரல் பக்கம் வராமல், மெல்லிய கம்பிக்குக் கீழே இருந்தது அந்தச் சிறிய கைப்பிடிக் கட்டை. அந்தக் காலத்தில் அங்கேதான் வைப்பார்கள். பாட்டின் முதுகில் 137 என்று தொடங்கும் எண், அதற்கடுத்து 72. எல்லாம் கச்சிதம். ஊரில் மனை வாங்கச் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து வாசித்த பிறகுதான் தெரிந்தது. நெக் வில் மாதிரி முன்னால் வளைந்திருந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும்போலிருந்தது. கம்பியைக் கீழே இறக்கினால் மேல் ஃப்ரெட்டுகளில் கரகரவென்று உரசல். முதல் ஐந்து ஃப்ரெட்டுகள் தேய்ந்து தட்டையாகி, கம்பி உட்கார்ந்த இடத்தில் பள்ளம். நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முறுக்கித்தான் வளைவைச் சரிசெய்ய வேண்டும். அதன் நட்டோ ஏற்கனவே முடிந்த மட்டும் முறுக்கப்பட்டு நின்றிருந்தது. இனித் திரும்ப இடமில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். விற்றவர் மரியாதையாகத்தான் சொன்னார். “ஃப்ரெட் மாற்றினால் மதிப்பு குறைந்துவிடும். அப்படியே வைத்திருங்கள்.”

அப்படியே வைத்திருந்தேன். இரண்டு வருடம். பெட்டிக்குள் ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீட்டர் வாங்கிப் போட்டேன். ரிகர்சலுக்கு வேறொரு மலிவான ஜப்பான் பேஸை எடுத்துக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் திறந்து பார்ப்பேன், துடைப்பேன், மூடுவேன்.

மதுரையில் என் சித்தப்பா முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பேஸ், அதன் பெயரெல்லாம் தேய்ந்து அழிந்துவிட்டது. நட் உடைந்தபோது பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து, அரத்தால் ராவி நட் செய்துகொண்டார். அந்த நட்டோடு எத்தனையோ திருவிழா மேடைகளில் விடியவிடிய வாசித்திருக்கிறார். விடுமுறையில் போனபோது என் பொக்கிஷத்தை அவருக்குக் காட்டக் கொண்டுபோனேன். மடியில் வைத்து நாலு சுரம் வாசித்தார்.

“ஏன்டா இப்படிக் கல்லு மாதிரி இருக்கு? கை வலிக்குது.”

விளக்கினேன். ஃப்ரெட், ட்ரஸ் ராட், மதிப்பு, ஒரிஜினல். முழுக்கக் கேட்டார். பிறகு பேஸை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். “அப்ப இது பேஸ் இல்லடா. பத்திரம். பீரோவுல வச்சுப் பூட்டிரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

2

பேஸ் கித்தார் எப்படிப் பிறந்தது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. மின்சார பேஸை அவருக்கு முன்பே, 1930-களில், சியாட்டிலில் பால் டுட்மார்க் செய்து பார்த்திருந்தார். ஆனால் 1951-ல் வந்த பிரிசிஷன் பேஸ்தான் உலகத்தில் நிலைத்தது. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த வாத்தியக்காரர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ள ஒன்று கிடைத்தது. ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும். அதனால்தான் பிரிசிஷன் என்று பேர். கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பழைய முறைக் கித்தார்களில் நெக்கைப் பசை போட்டு உடலோடு ஒட்டுவார்கள். ஃபெண்டர் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். நெக் கெட்டுப்போனால் கழற்று, வேறு மாட்டு, வேலை முடிந்தது. ரிப்பேர் கடைக்காரன் யோசித்த வாத்தியம் அது. பிக்கார்டைத் திறந்தால் வயர், பாட், கெப்பாசிட்டர் எல்லாம் ரேடியோவில் இருப்பதுபோலக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

கழற்றி மாற்றத்தக்கது என்பதுதான் இந்த வாத்தியத்தின் ஒரிஜினல் யோசனை. அதே வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் தொடாதே என்று விரதம் இருக்கிறார்கள். லியோ ஃபெண்டர் சிரித்திருப்பார்.

3

அப்படியானால் வருடம் கண்டுபிடிக்கிற வித்தையெல்லாம் வீணா? இல்லை. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டின் முதுகில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி செய்தது, 304 என்றால் ஸ்டாக்போல். அதற்கடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1377233 என்றால் சிடிஎஸ், 1972, 33-வது வாரம். இது அந்தப் பாட் செய்யப்பட்ட நாள். பேஸ் செய்யப்பட்ட நாள் அல்ல. 1966-ல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அந்தச் சரக்கு தீர மூன்று வருடம் பிடித்தது. 1969-ல் செய்த பேஸில் 66 என்று எண் இருப்பது சர்வசாதாரணம். இது தெரியாமல் ‘1966 பேஸ்’ என்று விற்கிறவனும் உண்டு, தெரிந்தே விற்கிறவனும் உண்டு.

நெக்கின் அடியில் முத்திரை. அறுபதுகளின் நடுவில் ‘5 டிசம்பர் 65 பி’ என்கிற மாதிரி குத்தியிருப்பார்கள். டிசம்பர் 5-ம் தேதி பிறந்தது என்று நினைத்துக்கொண்டு பேஸுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 5 தேதியே அல்ல. பிரிசிஷன் பேஸ் என்பதற்கான மாடல் எண். ஜாஸ் பேஸ் என்றால் 7. கடைசியில் வரும் எழுத்து நெக்கின் அகலம். ஏ என்றால் ஒல்லி, சி என்றால் அகலம்.

வரிசை எண்ணை நம்பவே கூடாது. 1976 வரை எண் இருப்பது நெக் தகட்டில். தகடுகள் ஒரு தொட்டியில் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்து முடுக்குவார்கள். மேலும் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடும் கையோடு வந்துவிடும், வேறொன்றில் மாட்டிவிடலாம். எழுபதுகளின் பிற்பகுதி ஜாஸ் பேஸில் மூன்று ஸ்க்ரூ, பிரிசிஷனில் அப்போதும் நான்கு. இது தெரிந்தால் சில ஒட்டுவேலைகள் உடனே பிடிபடும். புற ஊதா விளக்கு அடித்துப் பார்த்தால் பழைய வார்னிஷ் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும், பிற்பாடு பூசிய இடம் கறுத்துத் தெரியும்.

இவ்வளவும் எதற்கு? ஏமாறாமல் இருக்க. 1978 என்று சொல்லி 1978-க்கான விலை வாங்குகிறவன் நிஜமாகவே 1978-ஐத்தான் தருகிறானா என்று பார்க்க. அதோடு சரி. அந்த பேஸ் நல்ல பேஸா என்ற கேள்விக்கு இதில் ஒன்றில்கூடப் பதில் கிடையாது. ஆதார் அட்டை அசல்தான். அதற்காக ஆள் நல்லவர் என்று ஆகிவிடுமா? எனக்கு என் 1973-இன் ஆதார் அட்டை நன்றாகப் படிக்கத் தெரிந்திருந்தது. ஆளைத்தான் பார்க்கவில்லை.

4

இந்த மதத்தில் சில புராணங்கள் உண்டு.

முதல் புராணம், 1965. அந்த வருடம் ஜனவரியில் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்தது எல்லாம் தங்கம், பின் செய்தது எல்லாம் தகரம் என்பது சித்தாந்தம். பெரிய கம்பெனி கையில் போன பிறகு தரம் சரிந்தது உண்மை. ஆனால் மெதுவாக, வருடக்கணக்கில் சரிந்தது. டிசம்பரில் நெக் செதுக்கியவர் ஜனவரியில் செதுக்க மறந்துவிடுவாரா?

இதில் நமக்கு வேடிக்கையான ஒரு கிளைக்கதை இருக்கிறது. அறுபதுகளின் நடுவில் ஃபெண்டர் விரல்பலகைக்கு பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. பிரேசில் மரம் என்றால் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொட்டிக் கொடுக்கிறார்கள். இந்திய ரோஸ்வுட் என்பது வேறெதுவுமில்லை, நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி. தாத்தா வீட்டுக் கட்டிலையும் அலமாரியையும் ஈட்டி என்று சொல்லிப் பெருமைப்படுகிற தமிழ்ப்பிள்ளை, பேஸில் ஈட்டி என்றதும் முகம் சுளிக்கிறான். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டு எது எந்த மரம் என்று சொல்லச் சொன்னால் முழிப்பான்.

இரண்டாவது புராணம், ‘லாசூட்’ பேஸ். எழுபதுகளில் ஜப்பானில் செய்த நகல்கள் அத்தனையையும் இந்தப் பெயரில் விற்கிறார்கள். அசலைவிட நன்றாக இருந்ததால் ஃபெண்டர் வழக்குப் போட்டது என்று கதை. நடந்தது என்ன? 1977-ல் கிப்சனின் தாய்க்கம்பெனி நார்லின், ஐபனேஸ் கித்தார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனி மேல் ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. பிரச்சினை கித்தாரின் தலை வடிவம். அடுத்த வருடமே கோர்ட்டுக்கு வெளியில் பேசி முடித்துக்கொண்டார்கள். ஃபெண்டர் பேஸ் நகல்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜப்பான் பேஸ்களில் அருமையானவை உண்டு. 1982-ல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் ஜேவி வரிசையை வாசித்தால் சொக்கிப்போவீர்கள். அதை நல்ல பேஸ் என்று சொல்லி விற்றால் போதாதா? கோர்ட்டுக்கு ஏன் இழுக்க வேண்டும்?

மூன்றாவது, பழைய மரம் காய்ந்து காய்ந்து சத்தம் கூடும் என்பது. இதை நான் முழுக்க மறுக்கவில்லை. நல்ல பழைய பேஸ் ஒன்றைக் கையில் எடுத்தால், ஆயிரம் மணிநேரம் வேறொருவர் கை தேய்த்த நெக்கின் விளிம்பு உள்ளங்கையில் உட்காரும் விதம் இருக்கிறதே, அது புதிதில் கிடைக்காது. ஆனால் அது வாசித்ததால் வந்தது. வாசிக்காமல் பெட்டியில் கிடந்ததால் வந்ததல்ல. இன்னொன்று, மோசமான பழைய பேஸ்களை யாரும் பொத்திப்பொத்தி வைக்கவில்லை. நல்லவற்றைத்தான் வைத்துக்கொண்டார்கள். மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்கிறோம். அந்தக் காலத்துப் பாட்டு எல்லாமே நல்ல பாட்டு என்று சொல்வதுபோல.

5

சரி, பூசாரிகள் கும்பிடுகிற மகான்களையே பார்ப்போம்.

ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ். ஃப்ரெட்டை எல்லாம் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, விரல்பலகை மேல் படகுக்குப் பூசுகிற எபாக்ஸியைப் பூசிய பேஸ். பிறகு துண்டுதுண்டாக உடைந்து மறுபடி ஒட்டப்பட்டது. 1986-ல் திருட்டுப்போய், இருபது வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தது. இன்றைய கடைமொழியில் சொன்னால் ‘மோசமாக மாற்றப்பட்டது, பல ரிப்பேர்கள், மதிப்புக் குறைவு’. அந்த பேஸில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் உலகம் முழுக்கப் பாதிப்பேர் ஃப்ரெட்லெஸ் வாங்கினார்கள்.

கெடி லீயின் 1972 ஜாஸ் பேஸ். கலமஸூ என்ற ஊரில் அடகுக்கடையில் ஏறத்தாழ 200 டாலருக்கு வாங்கியது. பிரிட்ஜை மாற்றிவிட்டார். பிற்காலத்தில் அவர் பெரும் சேகரிப்பாளர், பழைய பேஸ்களைப் பற்றித் தடித்த புத்தகமே போட்டவர். அவருடைய பெயரோடு சேர்ந்து நிற்கிற பேஸ், பிரிட்ஜ் மாற்றிய அந்த அடகுக்கடை பேஸ்தான். மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸ். நியூயார்க்கில் ராஜர் சடாவ்ஸ்கி அதற்குள் ப்ரீஆம்ப் வைத்தார்.

“ஜேமர்சன்?” என்று கேட்பார்கள். மோட்டவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனின் கம்பியைக்கூட மாற்றமாட்டார் என்பது பிரசித்தம். கனமான தட்டைச்சுற்றுக் கம்பி, பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச், உயரமான ஆக்‌ஷன், ஒற்றை விரல். உண்மைதான். அவர் கைக்கு அது ஒத்துவந்தது, அதனால் மாற்றவில்லை. அடுத்த ஜென்மத்தில் யாரோ ஏலத்தில் எடுப்பார்கள் என்று அவர் பொத்தி வைக்கவில்லை. தினமும் வேலைக்குக் கொண்டுபோனார். 1983-ல் அவர் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது திருட்டுப்போனது. இன்னும் கிடைக்கவில்லை.

பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-ல் களவுபோய், 2024-ல் திரும்பக் கிடைத்த செய்தி வந்தது. உடைசல்களோடுதான் கிடைத்தது. வரலாற்றுப் பொருள் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ரிப்பேர் பண்ணி, அதே வருடம் டிசம்பரில் லண்டன் மேடையில் எடுத்து வாசித்தார். வாத்தியக்காரன் அப்படித்தான் செய்வான்.

6

எதிர்த்தரப்பின் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. “எல்லாரும் இஷ்டத்துக்கு ஓட்டை போட்டு, பெயின்ட் அடித்து, மாற்றிக்கொண்டே போனால், 1962-ல் ஒரு பேஸ் எப்படி இருந்தது என்று அடுத்த தலைமுறை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்?”

நியாயமான கேள்வி. எழுபதுகளில் பலர் நல்ல பேஸ்களைக் குடைந்து நாசம் பண்ணியிருக்கிறார்கள். புதிதாக ஓட்டை போடாதே, மரத்தைக் குடையாதே, பழைய பெயின்ட்டைச் சுரண்டாதே, கழற்றிய உதிரிகளை ஒரு பையில் போட்டு வை என்றால் கையெழுத்துப் போடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி சில நூறு பேஸ்கள் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும் என்றாலும் சரி. ஆனால் ஃப்ரெட் அந்தக் கணக்கில் வராது. நட் வராது. கம்பி உரசினால் தேயும் என்று தெரிந்தே வைத்த பொருட்கள் அவை. வண்டிக்கு டயர் மாதிரி. டயர் மாற்றினால் வண்டி ஒரிஜினல் இல்லை என்று சொல்கிறவனிடம் நீங்கள் வண்டி வாங்குவீர்களா?

ஸ்ட்ராடிவாரி வயலின்களைவிடப் பழமையும் விலையும் எந்த பேஸுக்கும் கிடையாது. இன்று மேடையில் ஒலிக்கிற ஸ்ட்ராடிவாரிகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் கழுத்து பிற்காலத்தில் மாற்றப்பட்டதுதான். உள்ளிருக்கும் மரப்பட்டையும் மாற்றப்பட்டதுதான். பெரிய அரங்கில் சத்தம் எடுபட வேண்டும் என்று மாற்றினார்கள். மதிப்பு குறைந்துவிட்டதா என்ன?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் வீட்டு வீணையில் 24 மெட்டுகள் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு தளர்ந்தால், மெட்டு தேய்ந்தால், சுரம் நழுவும். வீணை செய்கிறவரைக் கூப்பிட்டு மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மெட்டு வைக்கச் சொல்வோம். பாட்டி வாசித்த வீணைக்கு மெழுகு மாற்றியதால் அது பாட்டி வீணை இல்லை என்று யாராவது சொன்னால், அவரை வீட்டில் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மிருதங்கத்துக்குத் தோல் மாற்றாமல் ‘ஆல் ஒரிஜினல்’ என்று வைத்திருந்தால் அது உரல்தான்.

7

இனி, வாங்கித்தான் தீருவேன் என்கிற தம்பிகளுக்கு. பாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

முதலில் நெக். தலைப்பக்கத்திலிருந்து விளிம்பு வழியே ஒற்றைக் கண்ணால் பாருங்கள். லேசான முன்வளைவு நல்லது. முறுக்கிக்கொண்டிருந்தால், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால், வைத்துவிட்டு வெளியே வாருங்கள். உடலோடு சேருகிற இடத்தில் மட்டும் விரல்பலகை மேலே தூக்கிக்கொண்டிருந்தால், செலவு இருக்கிறது.

இரண்டாவது ட்ரஸ் ராட். பழைய ஃபெண்டர்களில் அதன் நட் நெக்கின் அடிப்பக்கம் இருக்கும். பார்க்க வேண்டுமானால் நெக்கைக் கழற்ற வேண்டும். கடைக்காரரையே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் திரும்புகிறதா? இடம் மிச்சம் இருக்கிறதா? பாட்டின் முதுகைப் படமெடுக்க ஸ்க்ரூவைக் கழற்றத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். மாட்டேன் என்றால் காரணம் இருக்கிறது.

மூன்றாவது ஃப்ரெட்டின் உயரம். நான்காவது பிக்கப். மல்டிமீட்டர் வைத்தால் பிரிசிஷனுக்குப் பத்து, பதினொன்று கிலோ ஓம் பக்கமும், ஜாஸ் பிக்கப் ஒவ்வொன்றுக்கும் ஏழு, எட்டு பக்கமும் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது. ஐந்தாவது எடை. நாலரை கிலோவைத் தாண்டினால் மூன்று மணிநேர ரிசப்ஷன் முடிவில் தோள்பட்டை சொல்லும்.

வாங்கிய பிறகு செட்டப். இதற்கு ஒரு வரிசை உண்டு, மாற்றக் கூடாது. புதுக் கம்பி போட்டுச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே 0.35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதிகம் என்றால் ராடை இறுக்குங்கள், கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். பிறகு பிரிட்ஜில் உயரம். பழைய வளைவுப் பலகைக்கு, 17-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2.8, மெல்லிய கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர். இது தொடக்கம்தான், மிச்சம் உங்கள் கை சொல்லும். சாடிலை அடி வரை இறக்கியும் கம்பி உயரமாகவே நின்றால், நெக் குழியில் மெல்லிய அட்டை ஒன்று வைக்க வேண்டியிருக்கும். தொழிற்சாலையிலேயே அப்படி வைத்துத்தான் அனுப்பினார்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கடைசியில்தான் சுரம் பார்ப்பது. 12-வது ஃப்ரெட்டில் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் அழுத்தி எடுக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தின சுரம் ஏறி ஒலித்தால் சாடிலைப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கி ஒலித்தால் முன்னால்.

இந்த வேலைக்கு ஒரு மாலை நேரம் போதும். இரண்டரை லட்ச ரூபாய் பேஸில் இது சரியாக இல்லாவிட்டால், முப்பதாயிரம் ரூபாய் பேஸில் இது சரியாக இருக்கிறவன் உங்களைவிட நன்றாக வாசிப்பான். நம்மில் பாதிப்பேருக்கு பேஸ் ஆசை வந்ததே இளையராஜா பாட்டைக் கேட்டுத்தான். அந்தப் பாட்டில் உருகியபோது, அது எந்த வருடத்து பேஸ், பாட்டின் முதுகில் என்ன எண் என்று ஒருத்தராவது கேட்டோமா?

8

மதுரையிலிருந்து திரும்பிய பிறகு, டோக்கியோவின் புறநகரில் தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் என் 1973-ஐக் கொண்டுபோனேன். அவர் நெக்கைக் கழற்றினார், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், வருடம் என்ன என்று கேட்கவே இல்லை. “என்ன கம்பி போடுவீர்கள்? எவ்வளவு பலமாக வாசிப்பீர்கள்?” என்று கேட்டார். நெக்கைச் சூடேற்றி அழுத்தத்தில் நிமிர்த்தினார். ராட் நட்டுக்கு அடியில் வாஷர் போட்டுத் திரும்ப இடம் உண்டாக்கினார். விரல்பலகையைச் சமன்படுத்திப் புது ஃப்ரெட் அடித்தார். எலும்பில் புது நட். பழைய நட்டையும் பிடுங்கிய ஃப்ரெட்டுகளையும் ஒரு காகித உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

வாங்கிய விலைக்கு இப்போது அதை விற்க முடியாது. நான் விற்கவும் போவதில்லை. வாரம் இரண்டு முறை ரிகர்சலுக்கு ரயிலில் என்னோடு வருகிறது. போன வருடம் ஒருமுறை தவறி விழுந்து விளிம்பில் பெயின்ட் பெயர்ந்தது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் தூக்கம் போகவில்லை. சித்தப்பாவுக்கு ஒரு ரெக்கார்டிங் அனுப்பினேன். “இப்ப பேசுது” என்று பதில் போட்டிருந்தார்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் கேட்டபடி போன சனிக்கிழமை அந்தக் கடைக்கு ஒரு எட்டு போனேன். 1978-ஐ வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். இது சேகரிப்பாளர்களுக்கான பேஸ், வாங்குவது உறுதி என்றால் மட்டும் பெட்டியிலிருந்து எடுப்போம் என்றார்கள். நெக்கைக் கழற்றி ட்ரஸ் ராடைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கழற்றினால் ஸ்க்ரூவில் தடம் விழும் என்றார்கள்.

அதை அப்படியே அவனுக்கு எழுதி அனுப்பினேன். அன்று இரவு அவனிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. “அண்ணா, லோன் அப்ளிகேஷன் இன்னும் போடல. என்கிட்ட இருக்கிற பழைய பேஸுக்கு அந்த 0.35 எப்படி அளக்கிறது, அதுக்கு என்ன வாங்கணும்?”

ஃபீலர் கேஜ்னு ஒரு செட் தகடு கிடைக்கும்டா. மெக்கானிக் சாமான் விற்கிற கடையில் கேள். இருநூறு, முந்நூறு ரூபாய்தான் இருக்கும்.